தேதி சொல்லாமல் வா

தம்பி,

நீ போட்ட இன்லண்ட் லெட்டர் வந்து சேர்ந்தது. எந்தத் தேதி தோதுப்படும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். ஒரு கார்டில் ஒரு வரி எழுதிப் போட்டால் தீர்ந்தது. அப்படித்தான் நினைத்துக் கார்டும் வாங்கி வந்தேன். வாங்கி வந்து எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். இன்றைக்குப் பரணில் கிடந்த உன் காலேஜ் நோட்டுகளை இறக்கி, நீ எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்து எடுத்து எழுதுகிறேன். நிறையவே விட்டிருக்கிறாய். தேதி கேட்டால் இந்த மனுஷன் புராணம் பாடுகிறார் என்று தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொண்டே படி. கையெழுத்து கோணிக்கொண்டு போகும். அதையும் பொறுத்துக்கொள்.

விஷயம் எனக்குப் புரிந்ததா என்று பார்க்கத் திருப்பிச் சொல்கிறேன். எங்கள் காஸ்டிக் சோடா பேக்டரியிலிருந்து பாதரசம் காற்றிலும் கழிவுத் தண்ணீரிலும் எவ்வளவு போகிறது என்று உன் மெட்ராஸ் கம்பெனி வந்து அளக்கப் போகிறது. அதைத் தடுக்க என்னென்ன வைக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் மானேஜ்மெண்ட் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். உன் ஆபீசர், ‘உங்க அப்பாதானே அங்கே செல் ஹவுஸில் சார்ஜ்மேன், அவரைக் கேட்டு ஒரு நாள் குறித்துவிடு’ என்று அந்த வேலையை உன் தலையில் கட்டிவிட்டார். சரிதானே.

லெட்டரைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எம்புள்ள ஆபீசருங்களோட கார்ல வந்து கேட்டாண்ட எறங்கப் போவுது. நீ இன்னாயா, கல்லு மாதிரி குந்திக்கினு கீறே?” என்றாள். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அந்த மாதிரி. கொஞ்ச வருஷமாகவே எனக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. செல் ஹவுஸ் கொடுத்ததா, வயசு கொடுத்ததா தெரியாது. கல்யாணத்தன்றே நான் அப்படித்தான் மணையில் உட்கார்ந்திருந்தேன் என்பது உன் அம்மாவின் கட்சி.

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் படிப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை. பொன்னேரியில் ரைஸ் மில்லில் மூட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பேக்டரி வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அறுபதுகளின் கடைசியில் போய் நின்றேன். உள்ளே போன முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீளநீளமாக இரும்புத் தொட்டிகள். அந்தத் தொட்டிகளுக்குத்தான் செல் என்று பெயர். மேலே உப்புத்தண்ணீர் ஓடுகிறது. அதற்கு அடியில், தொட்டியின் தரையோடு தரையாக, பாதரசம் ஓடுகிறது. டாக்டர் கண்ணாடிக் குச்சிக்குள் ஒரு சொட்டு வைத்திருப்பாரே, அது இங்கே வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. மேஸ்திரி ஒரு இரும்பு போல்ட்டை எடுத்து அதில் போட்டார். போல்ட் மிதந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இரும்பு மிதக்கும் ஊருக்கு அப்பா வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். நீ நம்பவில்லை.

நீ நம்பவில்லை என்பதற்காக ஒரு இங்க் புட்டியில் கொஞ்சம் கொண்டு வந்தேன். மற்ற அப்பன்கள் பூந்தி வாங்கி வருவார்கள். நான் இதைக் கொண்டு வந்தேன். நீயும் தெருப் பிள்ளைகளும் அதைச் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றி உருட்டி விளையாடினீர்கள். ஒன்றை இரண்டாக்கினால் இரண்டும் உருண்டையாக இருக்கிறது, சேர்த்தால் மறுபடி ஒன்றாகிறது என்று நீ கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. நீ கெமிஸ்ட்ரி படித்ததற்கு அதுதான் காரணம் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். நீ காலேஜ் லீவில் வந்தபோது அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாய். ஏன் கேட்டாய் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தட்டு இருக்கிறது. இப்போது அதில் யாரும் சாப்பிடுவதில்லை.

சாமுவேலை உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது இப்போதைய சாமுவேலை. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் அப்பா காலத்தில் ரெட்டியார் நிலத்தில் கூலி. அந்தக் குடும்பத்தில் முதல் முதலில் சம்பளக் கவர் வாங்கியவன் இவன். செல் ஹவுஸில் அத்தனை மோட்டாரும் ஓடும்போது, அதற்கு மேல் கேட்கும் குரல் அவன் ஒருவனுக்குத்தான். நான் காலையில் கொஞ்சம் தூங்கி வழிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் போதும். “இன்னா நைனா, மூஞ்சி உப்புத்தண்ணி மாதிரி கீது? ஊட்ல மாமியா வந்து எறங்கிச்சா?” என்று அந்தக் கோடியிலிருந்து கத்துவான். மொத்த ஷிப்டும் சிரிக்கும். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்களே, அதில் முன்னால் டிரம் தட்டிக்கொண்டு ஆடி வருவது அவன்தான்.

அந்த ஆள் கூச்சப்பட ஆரம்பித்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் ஆளாளுக்கு இருந்தது. ஈறு வீங்கும், வாயில் காசை வைத்துச் சப்பிய மாதிரி ஒரு ருசி இருக்கும், விரல் நடுங்கும். டீ டம்ளரை அரை டம்ளராக வாங்கிக் குடிக்கப் பழகிவிட்டோம், சிந்தாமல் இருக்க. ‘நடுங்குற கைக்கு நாலணா போனஸ்’ என்று அதையும் கேலி செய்தவன் சாமுவேல்தான். ஆனால் அவனுக்குக் கேலி கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. கேண்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஏண்டா என்று கேட்டால், “யாருனா பாத்துக்கினு இருந்தா சோறு எறங்க மாட்டேங்குது நைனா” என்றான். சர்ச்சில் உள்ளே போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். சம்பள நாளில் வரிசையில் கடைசி ஆளாக நிற்பான், பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று. ஊரெல்லாம் சரக்கு அடிக்கிறான் என்று பேசியது. அவன் மனைவி மேரி தெருவில் நின்றுகொண்டு, “அந்தாளு குடிச்சா கட்டிக்கினு வந்தவளுக்குத் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியுமா?” என்று எல்லோரையும் கேட்டாள். டிஸ்பென்சரி டாக்டர் நரம்பு வீக் என்று டானிக் கொடுத்தார். உடம்பில் பாதரசம் ஏறினால் ஆளுக்கு இப்படிக் கூச்சம் வரும் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. சாமுவேல் டானிக்கையும் யாரும் பார்க்காத இடத்தில் போய்த்தான் குடித்தான்.

அப்போது எங்கள் செக்ஷனுக்கு ஒரு இன்ஜினீயர் இருந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். செல்லிலிருந்து ஹைட்ரஜன் வாயு சூடாக வெளியே போகும்போது பாதரசத்தையும் ஆவியாகத் தூக்கிக்கொண்டு போகிறது, வழியிலேயே ஒரு கூலரை வைத்துக் குளிரப் பண்ணினால் பாதரசம் கீழே இறங்கிவிடும் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். தொட்டிக் கடைசியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, மேலே படியும் கசடைக் கரண்டியால் வழித்து எடுப்போம். அதற்கு மூடி போடலாம், தரையில் வெடிப்பில்லாமல் சரிவாகப் பூசலாம் என்றும் சொன்னார். உனக்கு இதெல்லாம் பாடம். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்களும் யூனியனில் சொல்லி, இன்ஜினீயரும் எழுதி, ஒரு வழியாக மானேஜ்மெண்ட் ஒப்புக்கொண்டது. கூலர் கேட்கிறீர்கள், அது சின்ன விலை இல்லை, முதலில் எவ்வளவு போகிறது என்று அளக்கட்டும், போவதன் விலையும் நிறுத்துவதன் விலையும் தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஒரு பைசா செலவழிக்கும் முன்னால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

ஆக, அளக்க ஒருவர் மெட்ராசிலிருந்து வருகிறார் என்று தேதி சொல்லிவிட்டார்கள். தம்பி, இதற்கப்புறம் நடந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மானேஜர் சூழ்ச்சி செய்தார் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவர் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. நாங்களாகவே செய்தோம்.

கழுவினோம். நமக்காக, நம் பேச்சைக் கேட்டு, பட்டணத்திலிருந்து ஒரு பெரிய படிப்புப் படித்தவர் வருகிறார். அவர் வந்து நிற்கிற இடம் எப்படி இருக்க வேண்டும்? ஆயுத பூஜைக்குக் கழுவுகிற மாதிரி கழுவினோம். அதைவிட ஒரு படி மேலாகவே. பெரிய ரப்பர் ஓஸைப் போட்டுத் தரையை அடித்தோம். வெடிப்புகளில் காலகாலமாக உட்கார்ந்திருந்த பாதரச முத்துகளைத் துடைப்பத்தால் கிளறித் தண்ணீரோடு தள்ளினோம். அது சாக்கடையில் பளபளவென்று போய்ப் பின்னால் இருக்கிற ஓடையில் இறங்கியது. ஒழுகிக்கொண்டிருந்த இடமெல்லாம் கிரீஸ் அப்பினோம். மூடாத பெட்டிகள் மேல் ஈரச் சாக்கு போட்டோம். ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாம் திறந்துவிட்டு, ஸ்டோரிலிருந்து பெரிய பேன்களை இழுத்து வந்து வைத்தோம். பாதரசம் வந்து இறங்கும் இரும்புப் புட்டிகள் காலியாகி ஸ்டோர் பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மதிலுக்கு அந்தப் பக்கம் அள்ளிப் போட்டோம். துப்புரவு வேலை பார்த்த அம்மாக்கள் வாசலில் கோலம் போட்டார்கள். செம்மண் பட்டை கூட அடித்திருந்தார்கள்.

யாரும் கூப்பிடாமல் சாமுவேல் வந்தான். எல்லோரும் நிற்கிற இடத்துக்கு வர முடியாதவன், ஆள் வராத இடமாகப் பார்த்துக்கொண்டான். தொட்டிகளுக்கு அடியில் முழங்காலும் முழங்கையுமாகத் தவழ்ந்து போய், எங்களுக்கு எட்டாத மூலையெல்லாம் வழித்துக் கழுவினான். “வெளியே வாடா, போதும்” என்றேன். உள்ளேயிருந்து, “வர்றவரு குனிஞ்சி பாத்தார்னா இன்னா பண்றது நைனா?” என்றான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் குரலில் கொஞ்சம் பழைய சத்தம் இருந்தது.

உன் மாமனார் நம் வீட்டைப் பார்க்க வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ புது வேட்டியைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றாய். அதற்கு முந்தின நாள் உன் அம்மா என்னை விட்டுச் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். கூரை ஒழுகிச் சுவரில் மேப் மாதிரி கறை படிந்திருந்த இடத்தில் பெரிய காலண்டராகப் பார்த்து மாட்டினாள். சுண்ணாம்பு காயவில்லை. மனுஷன் சாய்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போகும்போது முதுகெல்லாம் வெள்ளை. நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். அப்புறம் மழை வந்தது, உன் பெண்டாட்டி காலண்டரை எடுத்துப் பார்த்தாள், “இன்னா மாமா இது?” என்று சிரித்தாள். அவளாக இருந்ததால் சிரித்தாள். ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு சம்பந்தியை உட்கார வைக்க யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றாது. உனக்கும் தோன்றாது. நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவன்தான். உன் குடித்தனத்திலாவது காலண்டர் மாட்டாதே. அவளுக்கு எல்லாக் கறையும் தெரியட்டும்.

பெட்டிக்காரர் வந்தார். கையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், பெட்டி மேல் கடிகாரம் மாதிரி ஒரு ஊசி. அதனால் அவருக்கு அந்தப் பெயர். சின்ன வயசுதான், இப்போது உனக்கு இருக்கிற வயசு. நாங்கள் எல்லோரும் பண்டிகைக்கு எடுத்துவைத்த உடுப்பை, துவைத்து இஸ்திரி போட்டதை, போட்டுக்கொண்டு நின்றோம். சாமுவேல் மட்டும் மாற்றவில்லை. அன்று காலையிலும் அவன் தொட்டிக்கு அடியில்தான் இருந்தான். மற்றவர்கள் எதிரில் சட்டையைக் கழற்ற அவனால் முடியாது.

அவர் குழாயை நீட்டிக்கொண்டு தொட்டித் தொட்டியாக நடந்தார். ஊசி படுத்துக் கிடந்தது. கொஞ்சம் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. எங்களுக்கு, பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். “எப்பவும் இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டார்.

“எப்பவும் இப்படித்தான் சார். எங்க ஊடு மாதிரி வெச்சிக்கினு கீறோம்” என்று நான்தான் முதலில் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அவர் திரும்பினார். திரும்பும்போது குழாய் சாமுவேல் பக்கம் போனது. ஊசி ஒரே தாவாகத் தாவி அந்தக் கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஊசி இறங்கவில்லை. குழாயை அவன் பேண்ட் பக்கம் கொண்டு போனார். சாமுவேலுக்கு வியர்த்துக் கொட்டியது. புது ஆள் ஒருவர் அவனை மட்டும் பார்க்கிறார், எல்லோரும் அவனையே பார்க்கிறோம். அவன் இரண்டடி பின்னால் போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.

“கொஞ்சம் இப்படி வாங்க, ஒண்ணும் பயப்படாதீங்க” என்றார் பெட்டிக்காரர்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. “அவன் கூச்சக்காரன் சார். புது ஆளுங்களைக் கண்டா பேஜாராயிடுவான். வுட்டுடுங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். பெட்டியில் பேட்டரி சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, மாற்றுப் பேட்டரி போட்டு, அடுத்த தொட்டிக்குப் போனார். ஊசி படுத்துக்கொண்டது. மத்தியானம் அவருக்குப் பழவேற்காட்டு இறால் வரவழைத்துச் சாப்பாடு போட்டோம். நன்றாகச் சாப்பிட்டார்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கு இன்ஜினீயர் எங்களைக் கூப்பிட்டார். போவது ரொம்பக் கொஞ்சம், அதன் விலையை வைத்துப் பார்த்தால் கூலருக்குப் போடும் பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது என்று எழுதியிருந்தது. “ஊசி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா நான் சண்டை போட்டு வாங்கியிருப்பேன். இதை வச்சுக்கிட்டு எப்படிய்யா கேக்கறது?” என்றார். அப்புறம் ஏதோ தோன்றி, “அவர் வர்றதுக்கு முன்னாடி ஹவுஸைக் கழுவினீங்களா?” என்று கேட்டார். “ஆமா சார், நல்லா கழுவினோம், பேன்லாம் கூட வெச்சோம்” என்று நான் பெருமையாகச் சொன்னேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்களைத் திட்டவே இல்லை. சுத்தமான செக்ஷன் என்று மானேஜ்மெண்ட் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தது. நீ பரீட்சைக்குப் படிக்கும்போது காபி குடித்தாயே, அதுதான்.

கூலர் போனால் போகிறது. மூடியும் தரைப் பூச்சும் பெரிய செலவே இல்லை. ஆனால் ஒன்றும் போகவில்லை என்று எழுத்தில் வந்த பிறகு அதை மட்டும் யார் செய்வார்கள்? இரும்புப் புட்டிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. தொட்டியில் பாதரசம் குறைகிறது, ஊற்று என்பார்கள். ஊற்றுவோம். போகவே இல்லை என்றால் எப்படிக் குறைகிறது என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வெகுநாள் கழித்து ஒரு காலிப் புட்டியின் மேல் உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அப்போதும் இட்லியைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சாமுவேல் அதற்குப் பிறகு கொஞ்ச காலம்தான் வந்தான். உடம்புக்கு முடியவில்லை என்று நின்றுவிட்டான். வேலையை அவன் மகன் பீட்டருக்குப் போட்டுக் கொடுத்தார்கள். உன் கல்யாணப் பத்திரிகை வைக்க நான் அவன் வீட்டுக்குப் போனேன். மேரி உள்ளே எட்டிப் பார்த்து, “யாருன்னு பாரு, நைனா வந்துகீறாரு, வாயேன்” என்றாள். கதவுக்குப் பின்னால் அவன் கால் தெரிந்தது. நான் மெதுவாக, “டேய், எம்புள்ளைக்குக் கல்யாணம்டா. டிரம் அடிக்க வேணாமா நீ?” என்றேன். கால் உள்ளே நகர்ந்துகொண்டது. பத்திரிகையை மேரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் நின்று பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தில் நான் சாப்பாட்டுப் பந்தியையே சுற்றிக்கொண்டு உம்மென்று இருந்தேன் என்று உனக்கு வருத்தம். உன் மேல் ஒன்றும் இல்லை. சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தேன், கைக்கு அகப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தேதிக்கு வருகிறேன். நீ வரப்போவது செல் ஹவுஸுக்குள் எப்படியோ பரவிவிட்டது. நான்தான் பரப்பியிருப்பேன், வேறு யார். பீட்டர் என்னிடம் வந்தான். நீயும் அவனும் அந்தத் தட்டில் சேர்ந்து விளையாடியவர்கள். அவன் முகமெல்லாம் சிரிப்பு. “பெருசு, அண்ணன் வருதாமே. என்னிக்குன்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லிடு. எல்லாத்தையும் கழுவி வுட்டு ஜம்முன்னு வெச்சிடலாம். நம்ம அண்ணன் வர்றப்போ குப்பையாவா கெடக்கும்?” என்றான். சொல்லும்போது கையிலிருந்த டீயைப் பார்த்தேன். அரை டம்ளர்தான் வாங்கியிருந்தான்.

வேண்டாண்டா, இருக்கிறபடி இருக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? “ஓஸு ஓட்டையா கீது, புதுசு வாங்கச் சொல்றேன்” என்றேன். இத்தனையும் தெரிந்த பிறகு, என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அதனால்தான் கார்டில் எழுத முடியவில்லை.

ஆகவே தேதி எனக்கு வேண்டாம். மானேஜரிடமும் மாதத்தை மட்டும் சொல்லுங்கள், நாளைச் சொல்லாதீர்கள் என்று உன் ஆபீசரிடம் கேள். தேவைப்பட்டால் இந்தத் தாள்களை அவரிடமே படிக்கக் கொடு. எனக்கு வெட்கமில்லை. கார் வேண்டாம், கார் வந்தால் கேட்டிலிருந்து போன் போய்விடும், பஸ்ஸில் வாருங்கள். நல்ல வெயிலில், கசடு வழிக்கப் பெட்டிகள் திறந்து கிடக்கும் நேரத்தில் வாருங்கள். மதிலுக்கு அந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள். நிறுத்துவதற்கு என்ன செலவு என்று நீ போடும் கணக்கு எனக்குப் புரியாது. கூலருக்கு என்ன விலையோ, மூடிக்கு என்ன விலையோ, நியாயமாகப் போடு. அப்பா வேலை பார்க்கிற இடம் என்று ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். ஊசி எங்கே நிற்கிறதோ அதை எழுது. ஊசி நிஜமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற நாளில் வா. பீட்டருக்கு நாம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

முதலில் நம் வீட்டுக்கு வராதே. உன் அம்மாவுக்குத் தெரிந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, “என்னிக்கு வருதுன்னு போட்டுட்டியா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, பரணிலிருந்து சுண்ணாம்புச் சட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

நீ செல் ஹவுஸுக்குள் நுழையும்போது நான் எதிரில் வருவேன். உன்னைப் பார்த்ததும், எப்பவும் இப்படித்தான் சார் என்று ஏதாவது உளறுவேன், உன்னையும் சார் என்றுதான் கூப்பிடுவேன். நம்பாதே. தொட்டிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊசிப் பெட்டியை முதலில் என் சட்டைக்குக் கொண்டு வா. நான் தூணுக்குப் பின்னால் போனால் பாவம் பார்க்காதே, கையைப் பிடித்து வெளியே இழு.

அப்பா